லடாக் ஜீப்பும் துள்ளிய தேரும்

“பேரு மட்டும் சொல்லுங்க மேடம். போலீசு வேணாம், கோர்ட்டு வேணாம். மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

பத்து நாட்களுக்கு முன்னால் ஜானட் இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தாள். இடம், ராயபுரம் கல்மண்டபத்தை ஒட்டிய ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி. துப்பறியும் கார்குழலியின் அலுவலகம். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் ஜானட்டுக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது. அழவில்லை. அவள் தம்பி ஃப்ரெடி செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அழுது தீர்த்த இடத்தில் இப்போது ஆத்திரம் குடிவந்திருந்தது.

பழி வாங்கத் துடிப்பவர்களைக் கார்குழலிக்குப் பிடிக்கும். சுற்றி வளைத்துப் பேச அவர்களுக்குப் பொறுமை இருக்காது. பதினேழு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவள் அவள். சுற்றி வளைப்பவர்களை அந்தப் பதினேழு வருடத்திலேயே போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டாள்.

ஜானட் சொன்ன கதை சின்னதுதான். ஃப்ரெடியும் அவன் சினேகிதன் சித்தார்த்தும் சேர்ந்து பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றை வாங்கினார்கள். கொருக்குப்பேட்டையில் ஒரு ஷெட்டில் போட்டு, லடாக் வரை ஓட்டிப்போவதற்காக இரண்டு வருடமாக அதை மாற்றிக் கட்டினார்கள். போன செப்டம்பரில், எண்ணூருக்கு வடக்கே கடற்கரை மணலில் இறக்கிச் சோதித்துப் பார்த்தபோது ஜீப் புதைந்துகொண்டது. ஃப்ரெடி ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, சித்தார்த் ஒரு வாடகை பிக்கப்பில் கயிறு கட்டி இழுத்தான். பிக்கப்பின் கொக்கி பிய்த்துக்கொண்டது. கயிற்றோடு பறந்து வந்து, கண்ணாடியை உடைத்து, ஃப்ரெடியின் நெஞ்சில் இறங்கியது. விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

“அது விபத்து இல்ல,” என்றாள் ஜானட். “ஃப்ரெடி போன்ல வீடியோ கீது, பாருங்க. சும்மா இழுக்கல அவன். பின்னால வந்து, வேகமா எட்த்து, பட்டுனு இழுத்தான். அப்பறம் அந்தக் கயித்தயே காணோம். கேட்டா கடல்ல போச்சுன்றான். இப்ப அதே ஜீப்ப ரெடி பண்ணிகினு லடாக் போறானாம். எந் தம்பிய மண்ணுல போட்டுட்டு, எந் தம்பி வண்டில ஊரு சுத்துவான், நான் பாத்துகினு இருக்கணுமா? வுட மாட்டேன் மேடம். ஆளு அவன்தான்னு மட்டும் உறுதியா சொல்லுங்க.”

அந்த லடாக் பயணம் இன்றைக்குக் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பிவிட்டது. சரியாகப் பத்து மணிக்குக் கார்குழலி கொருக்குப்பேட்டை ஷெட்டின் வாசலில் நின்றாள். கூடவே உதவியாளர் சின்னப்பையன். பெயர்தான் அப்படி, ஆளுக்கு ஐம்பத்திரண்டு வயது, தொப்பைக்குத் தனியாக ஒரு பத்து.

“ஆளு இல்லாத நேரமாப் பாத்து வந்து கீறோம்,” என்றார் சின்னப்பையன், கூட்ஸ் யார்டு பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு. “திருடனுக்கும் நமக்கும் டைமிங் ஒண்ணுதான் மேடம். அவனுக்கு வர்ற ஐட்டம் மட்டும்தான் நமக்கு வர்றதில்ல.”

“சாவி கேட்டு வாங்கித்தான் திறக்கப்போறோம் அண்ணே.”

“அதான் சொல்றேன். அவன் இம்மாம் கஷ்டப்பட மாட்டான்.”

சாவி, ஷெட்டின் சொந்தக்காரி ரஹீமுன்னிசாவிடம் இருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜானட் அனுப்பி வந்திருக்கிறோம் என்றதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஜானட்டா? நேத்து சாயங்காலம் கூட வந்துச்சே.”

“இங்கயா?”

“ஆமாம்மா. ஒரு வருசமா சித்தார்த்தாண்ட மொகம் குடுத்துப் பேசாத பொண்ணு. டீத்தூளு, சக்கர, நெத்திலிப் பொடின்னு பை நெறைய எட்த்துகினு வந்துச்சு. வண்டி பின்னால டிராயரு இழுத்தா அடுப்பு, கேசு, மசாலா டப்பா எல்லாம் வரும். எங்க வூட்டு கிச்சன்ல கூட அந்த வசதி கெடையாது. நானே அடுக்கறேன்னு உள்ள ஏறி அர மணி நேரம் தனியா இருந்துச்சு. அழுதிருக்கும் பாவம். வெளிய நின்னுகினு இந்தப் பையனும் கண்ணத் தொடச்சிகினான்.”

“ரெண்டு பேரும் பேசினாங்களா?”

“ஆந்திரா பார்டர் தாண்டுனதும் மொத டீ வண்டி அடுப்புலதான் போடணும், கடையில குடிக்கக் கூடாது, அது ஃப்ரெடி வெச்ச சட்டம்க்கா, அவன் பேரச் சொல்லித்தான் குடிக்கப் போறேன்னான். சரி, மறக்காம போடுன்னுச்சு. அவ்ளோதான்.”

சின்னப்பையன் கார்குழலியின் காதருகே குனிந்தார். “மனசு மாறிடுச்சு போல. நம்ம கேசு ஃபினிஷ்.”

கார்குழலிக்குத் தெரிந்து மனசு மாறினவர்கள் அதை முதலில் துப்பறிபவருக்குத்தான் போன் செய்து சொல்வார்கள்.

ஷெட்டுக்குள் ஜீப் நின்ற இடம் மட்டும் எண்ணெய்க் கறையோடு காலியாக இருந்தது. சுற்றிலும் அதிலிருந்து கழற்றிப் போட்டவை. பழைய ஸ்பிரிங்குகள், பின் சீட்டு, அறுத்தெடுத்த சைலன்சர் குழாய். சுவரில் ஃப்ரெடி சாக்பீஸால் வரைந்த ஜீப் படம் இன்னும் அழியவில்லை. உயர்த்திய சக்கரம், கூரையில் மடக்குக் கூடாரம், தண்ணீர்த் தொட்டி, ஆற்றில் இறங்கினால் இஞ்சின் மூச்சு விட யானைத் தும்பிக்கை போல ஒரு குழாய். முடிந்தவற்றுக்குப் பக்கத்தில் டிக் அடித்திருந்தான். கூடாரத்துக்குப் பக்கத்தில் மட்டும் டிக் இல்லை. அதற்குள் செத்துப்போனான்.

கார்குழலிக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவனுக்கு நாற்பது நொடி வீடியோதான் மிச்சம் என்றால் யாருக்கும் வரும்.

“கயிறு கடல்ல போகல,” என்றாள். “கொக்கி கண்ணாடிய உடைச்சு உள்ள விழுந்துடுச்சு. அதோட கட்டின கயிறு எப்படிக் கடலுக்குப் போகும்? இங்கதான் எங்கயோ இருக்கு.”

“தூக்கிப் போட்டிருப்பான்.”

“ஆத்திரத்துல கொன்னவன் தூக்கிப் போடுவான். இவன் ஒரு கயித்துக்காக ஒரு வருசமா பொய் சொல்லிட்டு இருக்கான். அப்படிப் பொய் சொல்றவன் பக்கத்துலயேதான் வெச்சிருப்பான்.” அவள் மூலையைக் காட்டினாள். “அந்த டயர் எத்தனை இருக்கு?”

“அஞ்சு.”

“புது டயர் போட்டா மெக்கானிக் முதல்ல என்ன அண்ணே செய்வான்?”

சின்னப்பையன் ஒரு காலத்தில் மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்த்தவர். அவர் கண்கள் விரிந்தன. “பழச அன்னிக்கே வித்துட்டு பிரியாணி துன்னுவான். டயரப் போயி ஒரு வருசம் எவன் வெச்சிகினு இருப்பான்?” என்றபடியே டயர்களை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார். மூச்சிரைத்தது. “தேடற வேல ஒங்கது, தூக்கற வேல எந்துன்னு எந்த சட்டத்துல மேடம் எழுதி கீது?”

அடி டயரின் வயிற்றுக்குள் சுருண்டு கிடந்தது கயிறு. இரண்டு விரல் தடிமன். வெள்ளையாக இருந்து பழுப்பேறியது. ஒரு நுனியில் பிய்ந்த கொக்கி அப்படியே தொங்கியது. கூடவே ஒரு ஆரஞ்சு நிறப் பை. அந்தப் பையின் மேல் ஒரு கயிறு ரப்பர் போல நீள்வதாகப் படம் போட்டிருந்தது.

கார்குழலி பையையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சித்தார்த் வேகமா எடுத்து இழுத்தது தப்பே இல்ல அண்ணே. இந்தப் பையில இருக்க வேண்டிய கயிறு நீளும். பத்தடி பின்னால வந்து வேகமா எடுத்தாத்தான் அது நீண்டு, சுருங்கும்போது புதைஞ்ச வண்டிய அலுங்காம வெளிய கொண்டுவரும். காடு மேடு சுத்துற ஜீப்காரங்க எல்லாரும் அப்படித்தான் இழுப்பாங்க. ஆனா வீடியோவுல கயிறு ஒரு சாண் கூட நீளல. இது சாதா கயிறு. சாதா கயித்த அந்த வேகத்துல இழுத்தா, அவ்வளவு அடியும் கொக்கி மேல விழும்.”

“அப்ப பைய வுட்டுட்டு கயித்த மட்டும் மாத்தி கீறான்.”

“யாரோ மாத்தியிருக்காங்க.”

“யாரோ இன்னா யாரோ? ஒளிச்சி வெச்சவன் யாரு, நானா? அந்தப் பொண்ணு சொன்னது சரிதான் மேடம். பேர எழுதி கவர்ல போட்டுக் குடுத்துட்டு வூட்டுக்குப் போவலாம்.”

கார்குழலி கயிற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. மோந்து பார்த்தாள். புரிகளுக்கு நடுவே காய்ந்து கறுத்த சாமந்தி இதழ் ஒன்று சிக்கியிருந்தது.

“மெழுகுவத்தி மெழுகு. ஒரு இடத்துல இல்ல, கயிறு முழுக்க சொட்டுச் சொட்டா.”

“கரண்ட் கட்டுல இழுத்தானோ இன்னாவோ.”

“மெழுகுவத்தியும் சாமந்தியும் ஒரு கயித்து மேல விழற இடம் நம்ம ஏரியால எது?”

சின்னப்பையன் மெதுவாகச் சொன்னார். “மாதா கோயில் தேரு.”

“ஃப்ரெடி செத்தது எப்போ?”

“திருநாள் முடிஞ்ச மூணாம் நாளு.”

அடுத்த இருபத்தைந்தாவது நிமிடம் கயிறும் கொக்கியும் சின்னப்பையனின் ஸ்கூட்டரில் ஏறி மாதா கோயிலுக்கு வந்துவிட்டன. தேர் நிற்கும் கொட்டகையில் வேதமாணிக்கம் வார்னிஷ் டப்பாவோடு இருந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தேருக்கு இருபது வருடமாக அவர்தான் பொறுப்பு. அடுத்த மாதம் திருநாள் என்பதால் சக்கரத்துக்கு மெருகு ஏற்றிக்கொண்டிருந்தார்.

“தேர் வடம் எங்கங்கய்யா வெச்சிருக்கீங்க?” என்றாள் கார்குழலி.

“உள்ளதான் கீது. இன்னாத்துக்கும்மா?” அவர் பெட்டியைத் திறந்து ஒரு கயிற்றுச் சுருளை எடுத்துப் போட்டார். வெள்ளை. அதே தடிமன். இன்னும் புதுக்கருக்கு மாறவில்லை. “போன வருசந்தான் இது மொத தடவ கட்டுனது. அன்னிக்கிதான் தேரு துள்ளிச்சி.”

“துள்ளிச்சா?”

வேதமாணிக்கம் டப்பாவை மூடினார். இந்தக் கதையைப் பலமுறை சொல்லிப் பழகியவர் என்று அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

“நாப்பது பேரு புடிச்சி இழுக்கறோம். தேரு நவுரல. கயிறு மட்டும் வருது. வந்துகினே கீது. பசங்க ஒர்த்தன் மேல ஒர்த்தன் வுழறான். சரி, நிறுத்துங்கப்பான்னு கைய தூக்கறேன், அதுக்குள்ள தேரு ஒரே துள்ளு. ஆறடி முன்னால வந்து நின்னுச்சி. தேரு மேல கீற சம்மனசு, அதான் தேவதூதரு, அந்த சொரூபத்தோட ரெக்க ஒடஞ்சி வுழுந்துச்சி. மாதா இன்னாவோ சொல்ல வராங்கன்னு பொம்பளைங்க எல்லாம் ரோட்லயே முட்டி போட்டு அழுதாங்க. மூணாம் நாளு ஃப்ரெடி போன சேதி. அதத்தான் முன்னாடியே காமிச்சாங்கன்னு இன்னிக்கி வரைக்கும் ஊரே பேசுது.”

கொட்டகைக்கு வெளியே திருநாள் பந்தலுக்கு மூங்கில் இறக்கிவிட்டு ஒரு குட்டியானை வண்டி நின்றிருந்தது. கார்குழலி அதன் டிரைவரிடம் இரண்டு வார்த்தை பேசினாள். புதுக் கயிற்றின் ஒரு நுனியை வேப்பமரத்திலும் மறு நுனியை வண்டியின் பின்னாலும் கட்டச் சொன்னாள். வண்டி ஊர்ந்தது. கயிறு இறுகியது. அதற்குப் பிறகும் வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஒரு முழம், இரண்டு முழம். டிரைவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கயிறு வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது.

“இன்னா மேடம் இது, ஜட்டி எலாஸ்டிக்கு மாதிரி வருது,” என்றார் சின்னப்பையன். பிறகு கோயில் வளாகம் என்று நினைவு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“இதுதான் ஃப்ரெடியோட கயிறு,” என்றாள் கார்குழலி. “அய்யா, இத இங்க கொண்டுவந்தது யாரு?”

“யாரு கொண்டாருவா? வடம் குடுக்கறது அவங்க குடும்பத்து நேர்ச்சை. ஃப்ரெடியோட அப்பா ஹார்பர்ல இருந்தப்ப கப்பல் கட்ற கயிறு ஒண்ணு மாதாவுக்குன்னு குடுத்தாரு. வருசம் முழுக்க அவங்க வூட்ல இருக்கும், திருநாளுக்கு மட்டும் வரும். அவரு போனப்பறம் ஜானட்டுதான் எட்த்தாரும். போன வருசம் புதுசா கொண்டாந்துச்சி. பழசு மெழுகும் அழுக்குமா கீது, மாதாவுக்கு அதையாங்க கட்டறதுன்னு சொல்லிச்சி. எங்களுக்கும் சந்தோசம். அப்பறம் அந்த சாவுல அதுவும் திருப்பிக் கேக்கல, நாங்களும் போயி குடுக்கல. இங்கயே தங்கிப்போச்சி.”

சின்னப்பையன் ஸ்கூட்டரில் கிடந்த பழுப்புக் கயிற்றைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று கார்குழலி காத்திருந்தாள். ஒன்பது வருடத்தில் அவர் வாயடைத்துப் போய் அவள் பார்த்தது அன்றுதான்.

வெளியே வந்து ஸ்கூட்டரை மிதிக்காமல் நின்றார்.

“தம்பி பையிலேர்ந்து புதுசா எட்த்துட்டு, பை காலியா இருக்கக் கூடாதுன்னு பழச உள்ள வெச்சி கீது,” என்றார். “ரெண்டு நாள்ல மாத்தி வெச்சிடலாம்னு நெனச்சிருக்கும். மூணாம் நாளு அவன் பைய தூக்கிகினு பீச்சுக்குப் போய்ட்டான்.”

“ம்.”

“சொல்லத்தான் போறீங்களா?”

“சொல்ல மாட்டேன்,” என்றாள் கார்குழலி. “விபத்துன்னு எழுதிக் கொடுத்துடறேன். அது பொய்யும் இல்ல. சித்தார்த் இல்லன்னு நம்ப வெச்சாப் போதும், அவன் நிம்மதியா லடாக் போயிட்டு வரட்டும். பேர் என்னோட போகட்டும்.”

தொழிலில் முதல் தடவையாகக் கண்டுபிடித்ததை மறைப்பதற்காக அவள் கட்சிக்காரரைத் தேடிப் போனாள். அந்த நல்ல எண்ணத்துக்கு ஆயுள் பத்து நிமிடம்தான்.

காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் ஜானட்டுக்கு டோக்கன் கொடுக்கும் வேலை. காலை ஏலம் முடிந்து கூட்டம் குறைந்திருந்தது. சின்னக் கண்ணாடி அறைக்குள் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே சுவர்க் கடிகாரம். மணி பதினொன்று பத்து. கார்குழலி நாற்காலியை இழுத்துப் போட்டதும் ஜானட் சிரித்தாள். பத்து நாளில் அவள் சிரித்து இவர்கள் பார்த்ததில்லை.

“ஒங்களுக்குத்தான் போன் பண்ணலாம்னு இருந்தேன் மேடம். பேரு இனிமே தேவையில்ல.”

கார்குழலி கைப்பையைத் திறக்கப்போன கையை நிறுத்தினாள்.

“ஏன்?”

“தேவையில்ல, அவ்ளோதான்.” அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “மாதவரம், ரெட்ஹில்ஸ் எல்லாம் டிராஃபிக்கு. இன்னேரம் தடா தாண்டியிருப்பான் இல்ல?”

பேர் வேண்டும், பேர் வேண்டும் என்று பத்து நாள் உயிரை எடுத்தவளுக்குப் பேர் தேவையில்லை என்றால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். தடா வந்தாலே ஆந்திரா. ஆந்திரா வந்தால் முதல் டீ.

“ஜானட். நேத்து அந்த டிராயர்ல என்ன பண்ண?”

“டீத்தூளு வெச்சேன்.”

“அர மணி நேரமா?”

ஜானட்டின் சிரிப்பு போகவில்லை. “கொக்கி நெஞ்சுல எறங்குனப்பறம் எந் தம்பி ரெண்டு நிமிசம் உசுரோட இருந்தான்னு டாக்டர் சொன்னாரு. ரெண்டு நிமிசம். இவனுக்கு அவ்ளோ நேரம் கூட ஆவாது. நான் நல்லவ மேடம்.”

“போன் போடு. வண்டிய நிறுத்தச் சொல்லு.”

“மாட்டேன்.”

“அவன் பண்ணல.”

“அவன்தான். கயித்த ஒளிச்சான்ல? ஒளிச்சானா இல்லியா? நீங்க கண்டுபுடிச்சீங்களா இல்லியா?”

“கண்டுபுடிச்சேன். வெளிய ஸ்கூட்டர்ல இருக்கு. எந்திரிச்சி வந்து பாரு.”

ஜானட் அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னப்பையன் சுருளைத் தூக்கிப் பிடித்தார். பழுப்பேறிய கயிறு, திட்டுத் திட்டாக மெழுகு. ஜானட் அதைப் பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் அடையாளம் தெரிந்தது மட்டும்தான்.

“அது எங்கப்பாவோட வடம். ஒங்க கையில எப்டி?”

“ஃப்ரெடி பையில இருந்துது. நீதான வெச்ச? புதுச எடுத்துத் தேருக்குக் குடுத்துட்டு இத உள்ள வெச்ச. புதுசு ரப்பர் மாதிரி நீளற கயிறு, வேகமா எடுத்து இழுக்கறதுக்குன்னே செஞ்சது. அதான் தேரு துள்ளிச்சி. இது நீளாது. சித்தார்த் அந்தப் புதுக் கயிறுதான்னு நெனச்சி இழுத்தான். ஃப்ரெடியும் அப்படித்தான் நெனச்சான். அதான் கொக்கி பிச்சிக்கிச்சி.”

ஜானட் மிகவும் சாதாரணமாகக் கேட்டாள்.

“கயிறுதான மேடம்? ரெண்டும் கயிறுதான?”

ஒரு பெண்ணை இதைவிடக் கொடுமையாகத் தண்டிக்க முடியாது என்று தெரிந்தேதான் கார்குழலி சொல்லியிருந்தாள். வேறு எதைச் சொன்னாலும் ஜானட் போனைத் தொட்டிருக்க மாட்டாள்.

“ஜானட். அடுப்புல என்ன பண்ண?”

“கேஸ் டியூபு. பிளேடால.” அவள் திடீரென்று மேஜையைத் துழாவினாள். டோக்கன் கட்டுகள் கீழே விழுந்தன. போன் கிடைத்தது. இரண்டு தடவை தவறான பெயரை அழுத்தினாள். கார்குழலி பிடுங்கி, சித்தார்த்தின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். மறுபடி ஓய்ந்தது. சின்னப்பையன் உள்ளே வந்து தன் போனிலும் முயன்றார். மூன்றாவது தடவை நான்கு மணி அடித்த பிறகு எடுத்தான். பின்னால் லாரிகள் போகும் இரைச்சல்.

“சொல்லுக்கா. இப்பதான் தடா தாண்டி ஓரங்கட்டுனேன். கூலிங் கிளாஸ எங்கயோ வெச்சிட்டுத் தேடிகினு இருந்தேன். டீ போடப்போறேன், நீ வெச்ச சக்கர...”

“அடுப்பத் தொடாத. சித்தார்த்து, அடுப்பத் தொடாத. எறங்கி தூரமாப் போயிடு. டியூப அறுத்து வெச்சிட்டேன். நான்தான். நான்தான் அறுத்தேன்.”

லாரி இரைச்சல் மட்டும் கேட்டது. ஒரு கதவு திறந்தது. காலடிச் சத்தம். அது நிற்க வெகு நேரம் ஆனதாக மூன்று பேருக்கும் தோன்றியது.

“எறங்கிட்டேன்,” என்றான் சித்தார்த். மூச்சு வாங்கியது. “கையில தீப்பெட்டி கீதுக்கா.”

ஜானட் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “கயிறு கடல்ல போவல இல்ல?”

“இல்ல.”

“எங்கப்பா வடம்னு ஒனக்குத் தெரியுமா?”

“அன்னிக்கே தெரியும். போன வருசம்தான் ஜீப்பு வேலைல தேருக்கு வரல, அதுக்கு முன்னால பத்து வருசமா நானும் ஃப்ரெடியும் புடிச்சி இழுத்த வடம், எனக்குத் தெரியாதா? கட்டறப்ப அவசரத்துல, மணலு அப்பி கெடந்ததுல ரெண்டு பேருமே பாக்கல. அவன் மேலேர்ந்து அத எட்த்தப்பதான் தெரிஞ்சிச்சி.”

“ஏன்டா சொல்லல?”

“இன்னான்னு சொல்றது? நீதான்னா? மார்ச்சுவரி வாசல்ல நீ கெடந்த கெடப்புக்கு இத வேற சொல்லணுமா? என்னயே கொலகாரன்னு சொல்லிகினு போவட்டும்னு வுட்டேன்.” அவன் குரல் அதுவரை தணிந்துதான் இருந்தது. இப்போது உடைந்து, அந்த உடைப்பு வழியாக ஒரு வருடக் கோபமும் வெளியே வந்தது. “எத்தினி தடவ எங்க வூட்டு வாசல்ல மண்ண வாரித் தூத்தின? ஒன் வாய்க்கு பயந்து எங்கம்மா மார்க்கெட்டுக்குப் போறதயே நிறுத்திட்டாங்க. எனக்குப் பாத்த பொண்ணு வூட்டுல வேணாம்னுட்டாங்க. அத்தினிக்கும் வாய மூடிகினு இருந்தேன், ஃப்ரெடிக்காக. நேத்து நீ பைய எட்த்துகினு வந்தப்ப, சரி, அக்கா மாறிடுச்சின்னு அழுதேன்க்கா. நீ உள்ள ஒக்காந்து டியூப அறுத்துகினு இருந்திருக்க.”

ஜானட் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“கேச மூடி, வண்டிய தொறந்து வுட்டுட்டு, வாடை போனதும் திருப்பறேன். லடாக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. நேரா ஒன்னாண்டதான் வரேன். இத நான் வுட மாட்டேன். ஒரு வருசமா முழுங்கினதெல்லாம் ஒன் மூஞ்சிக்கு நேரா கேட்டாத்தான் எனக்கு அடங்கும்.”

“வா,” என்றாள் ஜானட். “வந்து கேளு.”

அவன் துண்டித்துவிட்டான். கண்ணாடிக்கு வெளியே இரண்டு மீன்காரப் பெண்கள் டோக்கனுக்காகத் தட்டினார்கள். சின்னப்பையன் கதவைத் திறந்து, அரை மணி கழிச்சி வாங்கம்மா என்று தணிந்த குரலில் சொல்லி அனுப்பினார். ஜானட் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தடாவுலேர்ந்து இங்க வர எவ்ளோ நேரம் ஆவும் மேடம்?”

“ரெண்டு மணி நேரம்.”

“அதுவரைக்கும் என்னத் தனியா வுடாதீங்க.” அவள் குரலில் பயம் இருந்தது. “ஆளு மட்டும் கெடைக்கட்டும், என் கையாலயே முடிச்சிடறேன்னு தெனம் மாதாகிட்ட சொல்லிகினு கீறேன். பதினோரு மாசமா தெனம் சொல்லிகினு கீறேன் மேடம்.”

சின்னப்பையன் ஒரு ஸ்டூலை இழுத்து, கதவை அடைத்தாற்போல் போட்டு உட்கார்ந்தார். கார்குழலி மேஜை மேல் கிடந்த ஐஸ் குத்தும் ஊசியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, ஜானட்டின் பக்கத்தில் நாற்காலியைத் தள்ளிப் போட்டாள்.